பிரம்பு நாற்காலியும் பிற்பாதிக் கதையும்

ஐம்பத்தொன்பதாவது வயதில் அந்தோணிராஜ் ஒரு பொய் சொல்வது என்று தீர்மானித்தார்.

வீட்டில் சொல்லும் பொய்கள் இதில் சேராது. "குழம்பு பிரமாதம்", "இந்தச் சேலை உனக்கு எடுப்பா இருக்கு" என்பதெல்லாம் குடும்ப நிர்வாகம். இது வெளியே, நாகரிகமான மனிதர்கள் முன்னிலையில், முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டிய பொய். அதற்குக் காரணம் ஒரு நாற்காலி.

திண்டுக்கல்லில் பூட்டு உண்டு, பிரியாணி உண்டு, மலைமேல் கோட்டை உண்டு. ஜாஸ் இசைக்கு ரசிகர்களும் உண்டு என்பது உள்ளூர்க்காரர்களுக்கே தெரியாது. மொத்தம் நாலு பேர். திண்டுக்கல் ஜாஸ் ரசிகர் வட்டம் என்று பெயர். "நாலு பேரு உக்கார்ந்தா அது சதுரந்தான? அதை என்னத்துக்கு வட்டங்கிறீங்க?" என்று அந்தோணிராஜின் மனைவி இன்னாசியம்மாள் கேட்டதுண்டு.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, மாலை நாலு மணிக்கு வட்டம் கூடும். இடம், கால்நடை மருத்துவர் முருகேசனின் கிளினிக் மாடி. கீழே கட்டிப்போட்ட ஆடுகள் தாளம் தப்பிக் குரல் கொடுக்கும். மேலே அமெரிக்காக்காரர்கள் ஊதுவார்கள். ஜாஸ் என்பது பாதி ஏற்கெனவே தெரிந்த மெட்டு, மீதிப் பாதி அந்த நேரத்தில் மனதில் தோன்றுவது என்று முருகேசன் முதல் நாளே விளக்கியிருந்தார். அந்த விளக்கம் அந்தோணிராஜுக்குப் பின்னால் வேறு வகையில் பயன்பட்டது.

ஒருவர் ரெக்கார்டு கொண்டுவருவார். எல்லோரும் கேட்பார்கள். பிறகு, தாங்கள் நேரில் கேட்ட கச்சேரிகளின் நினைவுகளைப் பேசுவார்கள். அங்கேதான் சிக்கல். வட்டத்தின் விதி இது: நேரில் ஜாஸ் கேட்டவருக்குப் பிரம்பு நாற்காலி. ரெக்கார்டில் மட்டும் கேட்டவருக்கு ஸ்டூல்.

முருகேசன் மும்பையில் படித்த காலத்தில் ஒரு ஓட்டலில் டிரம்பெட் கேட்டவர். ஊதிய வேகத்தில் மேசை மேலிருந்த டம்ளர் அதிர்ந்தது என்று ஆரம்பத்தில் சொன்னார். நாலு வருடத்தில் அந்த அதிர்வு ஜன்னல் கண்ணாடி வரைக்கும் போயிருக்கிறது. ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை ஷரீஃபா ஹைதராபாத்தில் ஒரு பியானோக்காரரைக் கேட்டவர். "அவர் முடிச்சதும் நாங்க யாருமே கை தட்டல. தட்டினா அது போயிடும்னு பயம்" என்பார். சொல்லும்போது இப்போதும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். பூட்டுக்கடை காத்தமுத்து சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது, ஒரு மதுக்கூடத்தின் சரக்கறைக்குப் பூட்டு மாட்டப் போய், மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் டிரம்ஸ் கேட்டவர். கதவு வழியாகக் கேட்டது நேரில் கேட்டதாகுமா என்று வட்டம் இரண்டு மாதம் விவாதித்தது. கடைசியில் நாற்காலி கொடுத்தார்கள். கைப்பிடி இல்லாத நாற்காலி.

அந்தோணிராஜுக்கு ஸ்டூல். நாலு வருடமாக ஸ்டூல்.

தொலைபேசி நிலையத்தில் லைன் சரிபார்த்தவர் அவர். "ஹலோ, நான் பேசறது கேக்குதா?" என்று கேட்டே முப்பது வருடம் சம்பளம் வாங்கியவர். விருப்ப ஓய்வுக்குப் பிறகு காயலான் கடையில் ஒரு பெட்டி இசைத்தட்டு அகப்பட, ஜாஸ் பிடித்துக்கொண்டது. நேரில் கேட்க வேண்டும் என்று ஒருமுறை சென்னைக்கே போனார். மழையால் கச்சேரி ரத்து. குடையோடு திரும்பி வந்தார்.

ஸ்டூல்காரருக்குக் கடமைகள் உண்டு. இசைத்தட்டைத் துடைப்பது, ஊசியை வைப்பது, இடைவேளையில் பிளாஸ்கோடு இறங்கிப்போய் டீயும் பஜ்ஜியும் வாங்கி வருவது. இதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது மார்ச் மாதம் நடந்தது. ஒரு ரெக்கார்டைக் கேட்டுவிட்டு, "இந்த இடத்துல மூச்சை எப்படி அடக்குறாரு பாருங்க" என்றார் அந்தோணிராஜ்.

காத்தமுத்து புன்னகைத்தார். "அண்ணே, அந்த மூச்செல்லாம் ரெக்கார்டுல பிடிபடாது. நேர்ல கேட்டவங்களுக்குத்தான் தெரியும்."

கதவுக்கு வெளியே நின்றவர் சொல்கிறார்! அன்று அந்தோணிராஜ் தீர்மானித்தார். ஒரே ஒரு பொய்.

பொய்க்கு வெளியே அலைய வேண்டியிருக்கவில்லை. வீட்டிலேயே ஒரு கதை கிடந்தது.

அவர் எப்போது பாட்டுக் கேட்டாலும் இன்னாசியம்மாள் அடுக்களையிலிருந்து ஆரம்பித்துவிடுவார். "இவரு என்ன ஊதுறாரு? எங்க ஊருத் திருவிழாவுல எங்கப்பாவும் ஒரு வெள்ளைக்காரரும் ஊதுனாங்க பாருங்க. எண்பத்தாறாம் வருஷம். எனக்குப் பதினாறு வயசு. கொடைக்கானல்ல கச்சேரி பண்ணிட்டுத் திருச்சிக்குப் போற வேனு, செம்பட்டிகிட்ட ஆக்சில் ஒடிஞ்சு நின்னுபோச்சு. நாலு வெள்ளைக்காரங்க. எங்க பேண்டு சத்தம் கேட்டு, வெயில்ல நடந்தே வந்துட்டாங்க. சாயங்காலம் நாலு மணிச் சப்பரம். எங்கப்பாதான் பேண்டு மாஸ்டர். அதுல ஆஸ்கல்னு ஒருத்தரு, பெட்டியத் திறந்து எங்கப்பா வச்சிருந்த மாதிரியே ஒரு கிளாரினெட்ட எடுத்தாரு. எடுத்து ஒரு இழுப்பு இழுத்தாரு. எங்கப்பா திரும்பிப் பார்த்தாரு. பார்த்துட்டு என்ன செஞ்சாரு தெரியுமா?"

தெரியாது. ஏனென்றால் சரியாக இந்த இடத்தில் அந்தோணிராஜ் சத்தத்தைக் கூட்டுவார். கல்யாணமான புதிதில் ரேடியோ, பிறகு டிவி, இப்போது ஜாஸ். கருவிகள் மாறின. கூட்டும் இடம் மாறவில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் அந்தக் கதை ஒருநாளும் பாதியைத் தாண்டியதில்லை.

பாதி போதும் என்று அவர் நினைத்தார். ஜாஸும் பாதிதானே.

ஏப்ரல் மாதக் கூட்டத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். "இதை நான் இதுவரைக்கும் சொன்னதில்ல" என்றார். அதாவது உண்மையிலிருந்தே தொடங்கினார். எண்பத்தாறில் ஒரு நண்பனின் ஊர்த் திருவிழாவுக்குப் போனது, ஆக்சில் ஒடிந்தது, பேண்டு மாஸ்டர் திரும்பிப் பார்த்தது. அதற்குமேல் சொந்தச் சரக்கு. "ஒரு மணி நேரம். மாத்தி மாத்தி ரெண்டு பேரும். தூக்குனவங்க தூக்குனபடி நின்னாங்க, சப்பரம் நகரல. கடைசியில வெள்ளைக்காரரு மாஸ்டர் கால்லயே விழுந்துட்டாரு."

கீழே ஒரு ஆடுகூட வாய் திறக்கவில்லை.

நாற்காலி கேட்பவரிடம் ஆளுக்கொரு கேள்வி கேட்பது வழக்கம்.

"அவர் பேர் ஞாபகம் இருக்கா?" என்றார் ஷரீஃபா.

"ஆஸ்கல். ஹாஸ்கலா இருக்கணும்."

"நடுவுல கதவு ஏதும் இருந்துச்சாண்ணே?" என்றார் காத்தமுத்து.

"கதவா? நடுத்தெரு."

"நீங்க எங்க நின்னீங்க?" என்றார் முருகேசன்.

"பேண்டு மாஸ்டருக்குப் பக்கத்துல. கை நீட்டினா தொட்டுரலாம்."

முருகேசன் உள்ளறைக்குப் போனார். ஊசிமருந்துப் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து நாலாவது பிரம்பு நாற்காலியைத் தானே தூக்கிவந்து போட்டார். கைப்பிடியோடு. "உக்காருங்க, அந்தோணிராஜ்."

அன்று டீ வாங்கக் காத்தமுத்து போனார். பிரம்பு முதுகில் பதிவது எத்தனை சுகம் என்று அந்தோணிராஜ் அன்றுதான் அறிந்தார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சீட்டியடித்தார்.

இரண்டு நாள் கழித்து அவர் குளித்துவிட்டு வரும்போது இன்னாசியம்மாள் சொன்னார், "சார்ஜ்ல கிடந்த உங்க போனு அடிச்சுச்சு. எடுத்துக் குளிக்கிறாருன்னு சொல்லிட்டேன்."

"யாரு?"

"யாரோ டீச்சரம்மா. பொறுமையாப் பேசுறாங்க."

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே தலையாட்டினார். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்கும் பழக்கம் அவருக்கு வீட்டில் கிடையாது.

மறுநாள் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஷரீஃபாவின் செய்தி வந்தது. "அந்தோணிராஜ் சாருக்கு ஒரு பரிசு! ஹாஸ்கல் என்று தேடினேன். கிளாரினெட் கலைஞர், இறந்துவிட்டார். இந்தியப் பயணத்தில் அவர் பதிவுசெய்த டேப்புகளை அவருடைய மகள் இணையத்தில் ஏற்றியிருக்கிறார். ஒன்றின் தலைப்பு: திண்டுக்கல் சாலை, கோயில் திருவிழா, 1986. நடுவில் பதினோரு வினாடி எல்லா வாசிப்பும் நின்றுவிடுகிறது. ஏன் என்று அந்த மகளுக்கே தெரியவில்லையாம். அடுத்த மாதம் போட்டுக் கேட்போம். என்ன நடந்தது என்று பக்கத்தில் நின்ற சார் சொல்வார்!"

கீழே காத்தமுத்து மூன்று கைதட்டல் படம் போட்டிருந்தார்.

அந்தோணிராஜ் போனைக் கவிழ்த்து வைத்தார். முதுகில் பிரம்பு குத்துவதுபோல் இருந்தது. பதினோரு வினாடி! அவருடைய கதையில் அப்படி எந்த அமைதியும் கிடையாது. யாரும் காலில் விழுந்ததும் டேப்பில் கேட்கப்போவதில்லை. பிற்பாதி இப்போது தேவை. அது இருக்கும் இடம் அடுக்களை.

போனார். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னாசி."

"காப்பி இப்பத்தான குடிச்சீங்க?"

"காப்பி இல்ல. அந்தக் கதை. உங்கப்பாவும் அந்த வெள்ளைக்காரரும்."

கரண்டி சட்டியில் நின்றது. "அதுக்கென்ன?"

"அப்புறம் என்னாச்சு?"

"எதுக்கு அப்புறம்?"

"அதான், உங்கப்பா திரும்பிப் பார்த்தாரே. அதுக்கு அப்புறம்."

இன்னாசியம்மாள் அடுப்பை அணைத்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. "முப்பத்திரண்டு வருஷமாத் திரும்பிப் பார்த்தபடியே நிக்கிறாரு எங்கப்பா. கழுத்து வலிக்குமேன்னு ஒருநாள் கேட்டதில்ல. இன்னைக்கு என்ன மாமனாரு மேல இம்புட்டுப் பாசம்?"

"வயசாகுதில்ல. எல்லாம் தெரிஞ்சுக்கணும்னு தோணுது."

"அப்படியா." அவர் ஒரு மூட்டையைக் காலால் நகர்த்தினார். "வடகத்துக்குச் சின்ன வெங்காயம் வந்திருக்கு. வெயிலு போறதுக்குள்ள போட்டாகணும். உரிங்க, சொல்றேன். எனக்கு வேலை செஞ்சுக்கிட்டே சொல்லித்தான் பழக்கம்."

"வேலை நான்தான செய்யப்போறேன்?"

"யாரு செஞ்சா என்ன? வேலை நடக்கணும்."

திண்டுக்கல் சின்ன வெங்காயத்தைப் பற்றி வெளியூர்க்காரர்கள் பெருமையாகப் பேசுவார்கள். உரித்தவர்கள் அதிகம் பேசுவதில்லை. முதல் நாள் ஒரு கிலோ உரித்தார். அதற்குக் கிடைத்தது, மாமனார் சவரிமுத்து அன்று போட்டிருந்த சிவப்புக் கோட்டு.

"தோள்ல தங்கக் கலர்ல குஞ்சம். ஒரு தோள்லதான். இன்னொரு தோளுக் குஞ்சத்த எலி கடிச்சுருச்சு. அதனால எங்கப்பா எப்பவும் குஞ்சம் இருக்குற பக்கத்தத்தான் ஜனங்களுக்குக் காட்டுவாரு."

"சரி, திரும்பிப் பார்த்தப்ப?"

"குஞ்சம் இல்லாத பக்கமாத் திரும்பிட்டாரு. அதுல அவருக்கு ஒரு வருத்தம்."

"அப்புறம்?"

"வெங்காயம் தீந்துருச்சுங்க. நாளைக்கு."

இரண்டாம் நாள் ஒன்றரைக் கிலோ. டிரம் அடித்தவருக்கு அன்று மெட்ராஸ் ஐ கண்நோய், அடி பாதி மேளத்திலும் பாதி காற்றிலும் விழுந்தது என்ற தகவல் கிடைத்தது. மூன்றாம் நாள், வந்த வெள்ளைக்காரர்களை உட்காரவைத்துப் பந்தியில் சோறு போட்டது. அதில் ஒருவர் கூட்டு, குழம்பு என்று வெஞ்சனத்தை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைத் தனியாகச் சாப்பிட்டது.

"வெறுஞ்சோறாவா?"

"வெறுஞ்சோறா. ரசிச்சுத் தின்னாரு. எங்க சித்தி அழுதுருச்சு."

அந்தோணிராஜ் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த பிறகுதான், இது வட்டத்துக்காகச் சேகரிக்கும் தகவல் என்பது நினைவுக்கு வந்தது. நாலாம் நாள் அவர் தானாகவே முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று வாரம் ஓடியது. மாமனாரின் கிளாரினெட் பெட்டிக்குள் சிவப்பு வெல்வெட் என்று தெரிந்தது. அவர் பொடி போடுவதில்லை, ஆனால் பொடி டப்பா வைத்திருந்தார் என்று தெரிந்தது. இந்த மனிதரோடு பதினோரு வருடம் மருமகனாக உறவாடி, தீபாவளிக்கு வேட்டி வாங்கிக்கொண்டதைத் தவிர வேறெதுவும் தெரியாமல் போயிற்றே என்று அந்தோணிராஜுக்கு ஒரு கணம் கண் கலங்கியது. வெங்காயமாகவும் இருக்கலாம்.

கூட்டத்துக்கு மூன்று நாள் இருந்தது. இனி சுற்றி வளைக்க நேரமில்லை.

"இன்னாசி, நடுவுல செத்த நேரம் வாசிப்பு நின்னுச்சா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நின்னுச்சு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா, ஒரு யூகம்."

"யூகம் பலமாத்தான் இருக்கு."

"எதுக்கு நின்னுச்சு?"

இன்னாசியம்மாள் வெளியே காயும் வடகத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "மிளகா பஜ்ஜி."

"என்னது?"

"எங்க சித்திக்கு மனசு கேக்கல. வெறுஞ்சோறு தின்ன மனுசன் ஊதிக் களைச்சுருவாரேன்னு, சூடா ஒரு மிளகா பஜ்ஜியக் கொண்டுபோய் வாயில குடுத்துருச்சு. அவரு கடிச்சாரு. அம்புட்டுத்தான். கண்ணு ரெண்டும் பிதுங்கி, மூச்சு நின்னு, கிளாரினெட்டுக்குள்ளயே இருமி... ஊரே கப்சிப். பத்துப் பன்னெண்டு செகண்டு இருக்கும். எங்கப்பா ஒரு சொம்பு மோரக் குடுத்தாரு. குடிச்சிட்டு ஊதுனாரு பாருங்க, அதான் ஊத்து!"

பத்துப் பன்னிரண்டு வினாடி! அந்தோணிராஜுக்கு முறத்தோடு எழுந்து ஆட வேண்டும்போல் இருந்தது. அடுத்த மூன்று நாளும் கண்ணாடி முன்னால் நின்று பயிற்சி செய்தார். கடிப்பது, கண் பிதுங்குவது, மோர். இருமல் மட்டும் சரியாக வர நேரம் பிடித்தது.

மே மாத இரண்டாம் ஞாயிறு இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினார். "நானும் கிளம்புறேன். தாடிக்கொம்புல தங்கச்சி வீட்டுக்கு" என்றார் இன்னாசியம்மாள். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தார்.

மாடியில் பிரம்பு நாற்காலி காத்திருந்தது. ஷரீஃபா தன் போனை ஸ்பீக்கரோடு இணைத்தார். முதலில் இரைச்சல், வேட்டு, கூட்டம். பிறகு ஒரு கிளாரினெட். நேராக, அழுத்தமாக, ஒவ்வொரு சுரத்துக்கும் கஞ்சி போட்டு இஸ்திரி செய்ததுபோல். அதற்கு இன்னொரு கிளாரினெட் குழைந்து, வளைந்து பதில் சொன்னது. முன்னது அந்த வளைவைப் பிடித்துப் பார்த்தது. தடுமாறியது. மறுபடி பிடித்தது. மேளம் பாதி விழுந்தது, பாதி விழவில்லை. மெட்ராஸ் ஐ, என்று அந்தோணிராஜ் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். இந்த மனிதர்களை அவருக்கு இப்போது தெரியும்.

திடீரென்று வாசிப்பு நின்றது. ஷரீஃபா டேப்பையும் நிறுத்தினார். "இதுதான் அந்த இடம். சொல்லுங்க சார்."

அந்தோணிராஜ் எழுந்தார். ஒன்றும் விடவில்லை. சித்தி வந்தார், பஜ்ஜி வந்தது, கண் பிதுங்கியது. இருமல் அன்று அற்புதமாக வந்தது. ஒரு நிமிடம் முருகேசன் மருத்துவராகவே எழுந்துவிட்டார். மோரைக் குடித்து முடித்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

காத்தமுத்து கண்ணைத் துடைத்தார். "அண்ணே, இதுதாண்ணே நேர்ல கேக்குறது."

ஷரீஃபா விடைத்தாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அருமை. அந்த அமைதிக்குள்ளே ஏதோ ஒரு குரல் லேசாக் கேக்குது. பக்கத்துல நின்ன உங்களுக்குத்தான் புரியும். சத்தத்தைக் கூட்டுங்களேன்."

ஸ்பீக்கரின் ரிமோட் அந்தோணிராஜின் கைக்கு வந்தது. கூட்டினார். முப்பத்திரண்டு வருடமாக அடுக்களைக் குரலை மூடுவதற்குக் கூட்டிய விரல், முதல்முறையாகக் கேட்பதற்காகக் கூட்டியது.

இரைச்சல் பெரிதானது. ஒரு சின்னத் தகர டப்பா திறக்கும் ஓசை. பிறகு ஒரு பெண்குரல். சின்னப்பெண். ஆனால் கண்டிப்பு முழு வளர்ச்சி அடைந்த குரல்.

"அப்பா, அதைக் குடுக்காதீங்கப்பா! அப்புறம் நீங்க எதை வச்சு ஊதுவீங்க?"

ஒரு ஆண்குரல் பதில் ஏதோ சொன்னது. கூட்டத்தின் சிரிப்பில் அது மூழ்கிப்போயிற்று. மறுபடி ஒரே ஒரு கிளாரினெட் எழுந்தது.

அந்தோணிராஜுக்குத் தெரிந்த குரல். குடையை மறந்தால், கேஸ் அடுப்பை மூடாவிட்டால், செருப்போடு வீட்டுக்குள் வந்தால் கேட்கும் குரல். முப்பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய டேப்பிலும் ஒரு சுரம் பிசகாமல் அதே குரல்.

"இதுல பஜ்ஜி எங்க வருதுங்கிறதுதான் எனக்குப் புரியல" என்றார் ஷரீஃபா. பிறகு உள்ளறைப் பக்கம் திரும்பினார். "வாங்கம்மா."

ஊசிமருந்துப் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து இன்னாசியம்மாள் வந்தார். பட்டுச்சேலை கட்டியிருந்தார். அந்தோணிராஜ் எழுந்தார். பிரம்பு நாற்காலி கிரீச்சிட்டு ஊருக்கே தெரிவித்தது.

"தாடிக்கொம்பு?" என்றார்.

"பஸ்ஸு கிடைக்கல."

ஷரீஃபாதான் விளக்கினார். "ஏப்ரல்ல போன் பண்ணினேன். நீங்க குளிச்சுக்கிட்டிருந்தீங்க. சார் சின்ன வயசுல அந்தத் திருவிழாவுல இருந்தாராமேன்னு கேட்டேன். அம்மா எந்தப் பக்கம் நின்னாராம்னு கேட்டாங்க. பேண்டு மாஸ்டருக்குப் பக்கத்துலன்னு சொன்னேன். அது நான் நின்ன இடம்னாங்க."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அந்தோணிராஜுக்குக் கஷ்டமாக இருந்தது. "அப்ப அந்த மிளகா பஜ்ஜி?" என்று கேட்டார், மிகவும் மெல்ல.

"பாதிக்கதைய நீங்க எடுத்துக்கிட்டீங்க. மீதிய நான் போட்டுக் குடுத்தேன்" என்றார் இன்னாசியம்மாள். பிறகு ஷரீஃபாவிடம் திரும்பினார். குரல் மாறியிருந்தது. "மேடம், இப்ப உள்ளயிருந்து சரியாக் கேக்கல. முதல்ல இருந்து இன்னொரு தடவ போடுறீங்களா?"

மறுபடி ஓடியது. அந்த நேரான, அழுத்தமான கிளாரினெட் எழுந்ததும் அவர் கையை உயர்த்தினார். "இதுதான் எங்கப்பா. மேல போகும்போது செத்த இழுப்பாரு. இந்தா... பாருங்க." இழுத்தது. "எங்கப்பாவோட ரெண்டு போட்டோ வீட்டுல இருக்கு. சத்தம் இது ஒண்ணுதான்."

அந்தோணிராஜ் நாற்காலியைத் திருப்பி மனைவி பக்கம் வைத்தார். கைப்பிடி மேலிருந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்தார். தான் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஸ்டூல் பழக்கமானதுதான். ஆனால் இன்றைக்குக் கொஞ்சம் குட்டையானதுபோல் தோன்றியது.

"இவங்களுக்குக் கேள்வி கிடையாதா?" என்றார் காத்தமுத்து.

"ரெக்கார்டுலயே இருக்காங்க. இன்னும் என்னய்யா கேள்வி?" என்றார் முருகேசன்.

இன்னாசியம்மாள் உட்கார்ந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "எங்கப்பா திரும்பிப் பார்த்தாரு. பார்த்துட்டு என்ன செஞ்சாரு தெரியுமா?"

அந்தோணிராஜின் விரல் பழக்கதோஷத்தில் ரிமோட் மேல் போயிற்று. ஷரீஃபா அதைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சிரிச்சாரு. ஆஸ்கல் ஊதுன அதே இழுப்பைத் திருப்பி ஊதிக் காட்டுனாரு. கொஞ்சம் கோணலா வந்துச்சு. அவரும் எங்கப்பா ஊதுனதை ஊதிக் காட்டுனாரு. அதுவும் கோணல். ஆளுக்கு ஆள் மத்தவங்கள மாதிரி ஊதப் பார்த்தாங்க. நல்லா உச்சத்துல போகும்போது ஆஸ்கல்ட்ட ரீடு கீறிப்போச்சு. ரீடுங்கிறது வாயில வைக்கிற இடத்துல இருக்குமே, நாணல்ல சீவுன சின்னத் தகடு. அது போச்சுன்னா காத்துதான் வரும். அவரோட மத்த சாமானெல்லாம் வேன்ல. வேனு செம்பட்டியில. அந்த மனுசன் முகம் செத்துப்போச்சு. எங்கப்பா பொடி டப்பாவத் திறந்தாரு. மாத்து ரீடு அதுலதான் இருக்கும். அன்னைக்குப் பார்த்துக் காலி. அப்படியே நின்னாரு. பெறகு தன் கிளாரினெட்டக் கழட்டி, அதுல இருந்த ரீட எடுத்து நீட்டுனாரு."

காத்தமுத்து நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"ஊருத் திருவிழா. மாஸ்டர் ஊதலன்னா பேண்டே கிடையாது. எனக்குக் கோவம் வந்துருச்சு. குடுக்காதீங்கப்பான்னு கத்துனேன். அதான் நீங்க கேட்டது. எங்கப்பா என்னையப் பார்த்து ஒண்ணு சொன்னாரு. ஊரே சிரிச்சுச்சு. அப்படிச் சிரிச்ச நான்கூட அப்புறம் அழுதுட்டேன். என்ன சொன்னாருன்னா..."

அப்போது முருகேசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்து. வட்டத்தின் ஒழுங்கு எந்தக் காலத்திலும் குலைந்ததில்லை. "அந்தோணிராஜ், டீ."

"டாக்டர், ரெண்டே நிமிஷம்..."

"விருந்தாளி வந்திருக்காங்க. சூடா வேணும்."

அந்தோணிராஜ் பிளாஸ்கைத் தூக்கினார். படிகளை இரண்டிரண்டாக இறங்கினார். கடையில் கூட்டம். "தம்பி, அஞ்சு டீ, சீக்கிரம்!" என்று கத்தினார். பஜ்ஜி எண்ணெயில் நிதானமாகப் புரண்டது. மிளகாய் பஜ்ஜிதான் இருக்கிறது என்றார் கடைக்காரர். மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. பிறகு அடங்கியது. வெகுநேரம் அடங்கியே இருந்தது.

மூச்சிரைக்க ஏறிவந்தபோது ஷரீஃபா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். காத்தமுத்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். யாரும் கை தட்டவில்லை.

"என்ன சொன்னாரு?" என்றார் அந்தோணிராஜ்.

நாலு பேரும் டீயை வாங்கிக்கொண்டார்கள்.

"காத்தமுத்து, நீ சொல்லப்பா. அவங்கப்பா என்ன சொன்னாரு?"

"அண்ணே, அதையெல்லாம் நான் சொன்னா நல்லாருக்காது" என்றார் காத்தமுத்து. "நேர்ல கேக்கணும்."

அந்தோணிராஜ் மனைவியைப் பார்த்தார். இன்னாசியம்மாள் பிரம்பு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, டீயை ஊதி ஒரு வாய் குடித்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அதற்கு நேர்மாறாக ஏதோ இருந்தது.

"வீட்டுக்கு வாங்க, சொல்றேன்" என்றார். "இன்னொரு மூட்டை வாரதாச் சொல்லியிருக்காங்க."

அந்த மூட்டையில் அந்தோணிராஜ் இன்றைய தேதிக்குப் பதினேழு கிலோ உரித்துவிட்டார். மாமனார் இன்னும் வாயைத் திறக்கவில்லை.